நாய்க்குட்டியோடு இறங்கிய அம்மா

எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானல் போகும் பேருந்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஒல்லியான உடம்பில் சாயம் போன கம்பளிச் சட்டை. மடியிலிருந்த கூடையின் துணியை அடிக்கடி விலக்கி, உள்ளே ஏதோ கிசுகிசுத்தபடி வந்தார்.

பெருமாள்மலையில் வண்டி நின்றபோது கூடைக்குள்ளிருந்து நாய்க்குட்டி கத்திவிட்டது.

"நாயெல்லாம் ஏத்தக் கூடாதும்மா. அத எறக்கி விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க," என்றார் நடத்துநர்.

அந்த அம்மா கூடையோடு தானும் இறங்கினார். வெளியே மழை.

"ஏம்மா, ஒரு குட்டிக்காக நனையணுமா?" என்று ஜன்னல் வழியே கேட்டேன்.

"தலைமன்னார்ல கப்பலேறக்குள்ள ஒரு நாய விட்டுட்டு வந்தேன் தம்பி. கப்பல் நகர்ற வரைக்கும் கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. இன்னொரு தடவ ஏலாது."

விசிலை வாயில் வைத்த நடத்துநர் ஊதாமல் நின்றார்.

"வெரசா ஏறுங்க. பின்னாடி சீட்டுல உக்காருங்க," என்றார்.

அந்த அம்மா கூடையோடு ஏறிக்கொண்டார்.

கொடைக்கானலில் குட்டியைத் தரையில் விட்டார். அது ஓட, சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினார். விட்டுவந்த வீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.