ஷாரோன் சிஸ்டரின் மூக்கு

“கையைக் குடு நைனா. அது இல்ல, வலது கை.”

ஷாரோன் சிஸ்டர் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் சேர்த்துப் பிடித்து மூக்கருகே கொண்டுபோவார். கண்ணை மூடி ஒரு மோப்பம். அவ்வளவுதான், எதிரில் நிற்கும் ஆசாமியின் குட்டு உடைந்துவிடும். “இன்னா, சோப்பு வாசனை கும்முனு அடிக்குது? மூஞ்சி கழுவாம வந்தவன், கையை மட்டும் பைப்புல தேய்ச்சிக்கினு வந்துகிறியா?” பீடி வாடையை மறைக்கக் கொய்யா இலையை மென்றுவிட்டு வருகிறவர்களுக்கு அர்ச்சனை இன்னும் கூடுதல்.

என் மாமியாரின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற நாள் விட்டு நாள் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் எனக்குக் கிடைத்த இலவச வேடிக்கை இது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்களிடமிருந்து பீடி, சிகரெட்டைப் பிடுங்குவது சிஸ்டரின் வேலை. சொந்த ஊர் தென்னேரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏரியின் இக்கரையில் நின்று அக்கரைக்காரரைக் கூப்பிடுகிற குரல். திட்டு வாங்கியவர்கள்கூடச் சிரித்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள். என்ன மாயமோ!

மாகறல் ஊர்க்காரரான பெருமாளை அங்கேதான் பார்த்தேன். வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். குடலிறக்கம். மயக்க மருந்து டாக்டர் அவர் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, “உள்ள விசில் அடிக்குதே! பீடியை விட்டுட்டு அடுத்த மாசம் வாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆபரேஷன் ஆகாமல் மூட்டையைத் தொடக்கூடாது. குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. “பீடி இல்லாம எனுக்குப் பொழுதே விடியாது சிஸ்டர்” என்று பெருமாள் அழாத குறையாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற மனைவி செல்லாயி அழுதே விட்டார்.

“இரும்மா, ஒப்பாரிய அப்பால வெச்சிக்கலாம்” என்றார் சிஸ்டர். “நைனா, தோலோட வேர்க்கடலை வாங்கி மடில கட்டிக்கோ. பீடி ஞாபகம் வந்தா ஒண்ணொண்ணா உரி. கை சும்மா இருந்தாத்தான அதைத் தேடிக்கினு போவும்?”

பிறகு, மூன்று பந்துகள் அடைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் குழாயோடு நீட்டினார். நுரையீரலுக்கான பயிற்சி. பெருமாள் கன்னம் உப்ப ஊதினார். பந்து அசையவில்லை.

“ஐயோ, ஊதாத நைனா, இழு! இத்தினி வருசமா பீடி இழுத்தவனுக்கு இதை இழுக்கத் தெரியாதா?”

இழுத்தார். இரண்டு பந்துகள் துள்ளி எழுந்தன. மூன்றாவது கம்மென்று கிடந்தது. பெருமாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

தினமும் விடிகாலையில், அவர் டீக்கடையில் உட்காரும் நேரம் பார்த்து சிஸ்டரின் போன் வருமாம். “டீ குடிச்சிட்டியா? கை இன்னா பண்ணிக்கினு கீது?” “கடலை உரிச்சிக்கினு கீது சிஸ்டர்.” வீடு முழுக்கக் கடலைத் தோல்தான், பெருக்கி மாளவில்லை என்று செல்லாயி என்னிடம் அலுத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

நடுவில் ஒருநாள் பெருமாள் கையை நீட்டவில்லை. பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“எழவு வூட்ல எல்லாரும் பத்த வெச்சாங்க. நானும் ஒண்ணு இழுத்துட்டேன். பேஜாரா பூட்ச்சி சிஸ்டர்.”

போச்சு, இன்றைக்குக் கூரை பறக்கப் போகிறது என்று நான் மாமியாரின் சக்கர நாற்காலியைக்கூட நகர்த்தாமல் காத்திருந்தேன். சிஸ்டர் நீட்டியிருந்த தன் கையை இறக்கிக்கொண்டார்.

“நான் மோந்து பாக்குறதுக்கு முன்ன நீயே வாயால சொன்ன பாரு. அது போதும். போ, போய்க் கடலை உரி.”



ஆபரேஷன் நாளன்று தாழ்வாரத்தில் அத்தனை பேரும் பார்க்க, பெருமாள் குழாயை வாயில் வைத்து இழுத்தார். ஒன்று, இரண்டு... மூன்றாவது பந்தும் தள்ளாடி மேலே போய் முட்டியது. என் மாமியார் கால் வலியை மறந்து கைதட்டினார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. மார்பிலும் முதுகிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். செல்லாயி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“விசிலைக் காணோமே! சரி, உள்ள கூட்டிட்டு வாங்க.”

ஸ்ட்ரெச்சரில் படுத்த பெருமாள், பழக்க தோஷத்தில், வலது கையின் இரண்டு விரல்களை சிஸ்டரிடம் நீட்டினார். சிஸ்டர் அதை மூக்கருகே கொண்டுபோகவில்லை. கையை முழுசாகப் பிடித்து, ஸ்ட்ரெச்சரே ஆடும்படி குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.