முன்சக்கரம் இசக்கிமுத்துவுடையது

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு இசக்கிமுத்துவின் மகள் செல்வி கூப்பிட்டாள். "மாமா, அப்பா எழும்பலை. ஒருக்கா வரணும்." வலியசாலையில் என் வீட்டிலிருந்து பழவங்காடியில் அவன் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். நான் சேர்வதற்குள் டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

எங்கள் பழைய சைக்கிள் கிளப்பில் மிச்சமிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இசக்கிமுத்துவைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதை மறைத்தவன் நான்தான்.

பாத்திரக்கடையில் சரக்கு கொண்டுபோய்ப் போடுகிற வேலை அவனுக்கு. சைக்கிளில் அண்டாவும் குண்டானும் கட்டிக்கொண்டு ஏற்றம் ஏறிப் பழகிய கால். என்னைவிட வேகமானவன், அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையார் கோயில் கயிற்றை முன்சக்கரக் கம்பியில் குஞ்சம் மாதிரி கட்டுவான். "பிரேக் பிடிக்கலைன்னா இவராவது பிடிப்பாருல்லா, சாமி" என்பான். என்னை அவன் கேலியாகக் கூப்பிடுவது 'சாமி' என்றுதான்.

ஒருநாள் நூலகத்தில் பழைய விளையாட்டுப் பத்திரிகை ஒன்றை அவனுக்குப் படித்துச் சொன்னேன். போருக்குப் பிந்திய காலத்து இத்தாலியப் பந்தய வீரன் ஒருவனைப் பற்றியது. பெயர் எங்கள் இருவர் வாயிலும் நுழையவில்லை. ஓட்டிய காலமெல்லாம் அணித் தலைவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான், எதிர்க்காற்றை மறைத்து முன்னால் ஓட்டினான், தலைவனின் டயர் போனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தான். தானாக ஜெயித்தது ஒரே ஒரு சின்னப் பந்தயம். ஒற்றைச் சக்கரச் சைக்கிளோடு சாலையோரம் அவன் உட்கார்ந்திருக்கிற படம் இருந்தது.

"இவனுக்கு என்ன கிடைக்கும்?"

"தலைவன் பரிசில் பங்கு. யார் சக்கரம்னு தலைவனே மேடையில் சொல்லிடுவானாம்."

"அப்ப நல்ல ஜோலிதான்" என்றான்.

கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் வரை நடந்த பந்தயம் உங்களுக்கு நினைவிருக்கும். ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு அரசாங்க வேலை நிச்சயம் என்றிருந்தார்கள். அப்பா படுக்கையில் கிடந்த வருஷம் அது. ஆற்றிங்கல் தாண்டி நாங்கள் இருவர்தான் முன்னால். என் முன்சக்கரம் காற்றுப் போயிற்று. இசக்கிமுத்து திரும்பி வந்தான்.

"கழட்டும் ஓய்."

இத்தாலியில் அனுமதித்தார்கள், எங்கள் விதியில் அடுத்தவன் சக்கரத்தை வாங்கினால் பரிசு கிடையாது. நான் தயங்கினேன். நடுவர் ஜீப் கண்ணில் படவில்லை.

"எனக்குக் கடை வேலை இருக்கு. உமக்கு என்ன இருக்கு சாமி?"

வாங்கிக்கொண்டேன். ஜெயித்தேன். வேலையும் கிடைத்தது. முடிவுப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று எழுதினார்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று அவனிடம் கேட்டேன், "இனியாவது சொல்லிடட்டுமாடா?"

"பென்ஷன் கைக்கு வரட்டும். என்ன அவசரம்?" என்று சிரித்தான். பென்ஷன் வந்தது. அவன் பிறகு நினைவுபடுத்தவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. கோழை என்று நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பதக்கத்தையும், என் வீட்டுக் கூடத்தில் இத்தனை காலம் மாட்டியிருந்த வெற்றிப் படத்தையும் செல்வியிடம் கொண்டுபோனேன். அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் எல்லைக்கோட்டைத் தாண்டுகிறேன். முன்சக்கரக் கம்பியில் குஞ்சம்.

"இது அப்பா கட்டுற கயிறல்லே மாமா?"

"ஆமாம்மா." எல்லாவற்றையும் சொன்னேன்.

படத்தில் அந்தக் குஞ்சத்தை விரலால் தொட்டாள். பிறகு, "ஒரு ரேஸாவது முடிச்சிருக்கியாப்பான்னு எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கேன். நீங்க அப்போ பக்கத்துலதானே இருந்தீங்க?" என்றாள்.

இருந்தேன். அவள் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு இருந்தேன்.

படத்தை அவள் வைத்துக்கொண்டாள். பதக்கத்தை என் கையிலேயே திருப்பி வைத்தாள். இசக்கிமுத்துவின் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான்.