அண்ணன் மடியில் காதுகுத்து

ஈசனை வணங்கி எழுதுகிறேன். ஏழு வருஷமாக இதை எழுதப் பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். வெளியே சொல்லக் கூடாது என்பது அண்ணன் கட்டளை. கடைசியில் அவரே அனுமதித்ததால், அவருடைய முதலாண்டு நினைவு நாளில் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள், பிழை பொறுக்கவும்.

அண்ணன் திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல்லில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட, அவரே ஏர் பிடித்து என்னை வளர்த்து விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தார். எண்பத்தொன்றாம் வருஷம், மூத்திரப்பையில் கட்டி என்று அந்தப் பையையே எடுத்துவிட்டார்கள். குடலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து வயிற்றின் வலப்பக்கம் ஒரு வாய் அமைத்தார்கள். சிறுநீர் அதன் வழியாக ரப்பர் பையில் இறங்கும். எனக்கும் அண்ணிக்கும் மட்டுமே தெரியும்.

ஆறு மாதம்கூட ஆகாமல் மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்கினார். அந்த வாயைச் சுற்றிக் குடல் தள்ளி, தேங்காய் அளவு புடைத்தது. பை சரியாக உட்காராமல் ஒழுகும். டாக்டரிடம் போகாமல், தோள் துண்டை வயிற்றில் இறுக்கிக் கட்டிப் புடைப்பை அமுக்கினார். அதுதான் அவர் செய்த தப்பு. கோயிலுக்கு வந்தால் வாசலோடு நின்றுகொள்வார். "ஈரத்தோட சாமிகிட்ட எப்பிடிம்மா போறது?" என்பார்.

என் மகளுக்குக் காது குத்தும் வயது தாண்டிக்கொண்டிருந்தது. தாய்மாமன் மடியில்தானே குத்த வேண்டும்? அவரோ தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். விஷயம் தெரியாத என் மாமியார், "உங்க அண்ணன் மடி இன்னா தங்கத்துல செஞ்சதா, கொழந்த உக்காந்தா தேஞ்சிபூடுமா?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் காதில் அது விழுந்தது. சிரித்தபடி எழுந்து போனவர், அன்று துண்டை இன்னும் இறுக்கினார். மறுநாள் சிறுநீர் இறங்கவில்லை. குளிர் காய்ச்சல் கண்டது.

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காய்ச்சல் தணிந்ததும் ஆபரேஷன் டாக்டர் வந்தார். "வாயை இந்தப் பக்கம் மாத்திட்டு, பழைய ஓட்டையைத் தைச்சிடறேன். உங்களுக்கு முக்கியமா என்ன செய்யணும், சொல்லுங்க. அதுக்கேத்த எடத்துல வைக்கிறேன்."

"தங்கச்சி பொண்ண மடியில வச்சிக்கினு காது குத்தணுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அண்ணனை வேட்டி கட்டச் சொல்லி, சம்மணம் போட்டு உட்கார வைத்து, மடியில் ஒரு தலையணையைக் கொடுத்தார். "இதான் உங்க தங்கச்சி பொண்ணு. பிடிங்க." தலையணையும் வேட்டிக் கட்டும் படாத இடமாகப் பார்த்து இடப்பக்கம் மையால் புள்ளி வைத்தார்.

"அது ஒதைக்குங்க, டாக்டரு" என்றார் அண்ணன்.

புள்ளி இரண்டு விரற்கடை மேலே ஏறியது.

ஆபரேஷன் முடியும்வரை நானும் அண்ணியும் ஈசனை அழைத்தபடி வாசலில் கிடந்தோம். அண்ணன் கண் திறந்தார். புடைப்பு போயிற்று, ஒழுகலும் நின்றது. அடுத்த தை மாதம் பெருமுக்கல் மலையை நின்று நின்று ஏறி, கோயிலுக்குள் போனார். என் மகள் அலறி, உதைத்து, அவர் மடியிலேயே காது குத்திக்கொண்டாள். எழுந்ததும் வேட்டியைத் தடவிப் பார்த்து என் காதோரம் சொன்னார்: "ஒரு சொட்டு இல்லம்மா."

பிறகு ஆறு வருஷம் நன்றாக இருந்து, நெஞ்சு வலியில் அமைதியாகப் போனார். அதற்கு முன் சொன்னார்: "நான் போனப்புறம் சொல்லிடும்மா. எவனாவது என்ன மாதிரி துண்ட கட்டிக்கினு ஒக்காந்திருப்பான்."

அந்த டாக்டருக்கும், பை மாற்றக் கற்றுத்தந்த நர்சம்மாவுக்கும், முகம் சுளிக்காத அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. வயிற்றுப் புடைப்பு வேண்டுதலால் கரைந்தது என்று உறவில் சிலர் சொல்கிறார்கள். சாமி சத்தியமாக அது கரையவில்லை. கத்தி வைத்துத் தைத்தார்கள். தைத்த கைக்கு ஈசன் துணை நின்றான். ஆகவே, இதைப் பிறருக்குச் சொல்லும்போது ஒன்றும் கூட்டாதீர்கள். கூச்சப்பட்டு ரப்பர் பையையும் துண்டையும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். அண்ணன் சொல்லச் சொன்னது அதைத்தான்.