புள்ளிக்காரி வைத்த எட்டுப் புள்ளிகள்

சோலார் பேனல் தொழிற்சாலையில் அவளுக்குப் புள்ளிக்காரி என்று பெயர். கடைசி மேசை அவளுடையது. இருட்டுப் பெட்டிக்குள் பேனலைத் தள்ளி மின்சாரம் பாய்ச்சுவாள். பேனல் மங்கலாக ஒளிரும். உள்ளே பதித்திருக்கும் சிலிக்கான் செல்லில் விரிசல் இருந்தால் கறுப்புக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். கோடு இல்லாத பேனலின் பின்புறச் சட்டத்தில் பச்சை மையால் ஒரு புள்ளி வைப்பாள். யாரும் வைக்கச் சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷ வேலையில் அவள் சேர்த்த சொத்து என்று பார்த்தால் அந்தப் புள்ளி ஒன்றுதான்.

அவள் தம்பி, பேனல்களை மாடிகளில் மாட்டுகிறவன். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் ஒருவருக்கு நல்ல காலம் வந்தால் மற்றவருக்குக் கெட்ட காலம். வெளிநாட்டுப் பேனல் அடிமாட்டு விலைக்கு வந்து இறங்கிய வருஷங்களில் தம்பி காட்டில் மழை. அக்காவின் தொழிற்சாலை வாரத்தில் மூன்று நாள் ஈ ஓட்டியது.

"உன் கம்பெனி பேனலை அந்த விலைக்கு வாங்கச் சொன்னா, என்னை மாடியிலேர்ந்து தள்ளி விட்ருவாங்க அக்கா" என்பான், அவள் சமைத்ததை ஒரு பிடி பிடித்துக்கொண்டே.

பிறகு அரசாங்கம் இறக்குமதிப் பேனலுக்கு வரி போட்டது. சில மாதங்களில் எல்லாம் தலைகீழ். வெளிநாட்டுப் பேனலின் விலை எகிறியது. போட்டி ஒழிந்தால் உள்ளூர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் ஏற்றினார்கள். உள்ளே இருக்கும் செல் என்னவோ இன்னும் கப்பலில்தான் வந்தது. அதற்கு வரி கிடையாது. இங்கே ஒட்டிச் சட்டம் போட்டுவிட்டால் அது சொந்த நாட்டுச் சரக்காம்! எப்படியோ, தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் ஓடியது, அவளுக்கு வேலை நிரந்தரமானது. தம்பியிடம் மாட்டச் சொன்னவர்கள் "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

மிஞ்சியது தையல்கடைக்கார அம்மா ஒருவர்தான். அவர் மாடியில் எட்டுப் பேனல் ஒழுங்காக ஓடினால் அதே தெருவில் இன்னும் ஆறு கடைக்காரர்கள் பேனல் போடத் தயாராக இருந்தார்கள். ஓடாவிட்டால் தம்பி ஏணியை விற்றுவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். அக்காவின் தொழிற்சாலைக் கிடங்கில் ஒவ்வொரு சட்டமாகத் திருப்பிப் பார்த்து, பச்சைப் புள்ளி உள்ள எட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனான்.

மாட்டிய இரண்டே மாதத்தில் மின்சாரம் பாதியாகக் குறைந்தது.

"பேனல்ல கோளாறு இருக்கவே முடியாதும்மா. உங்க பழைய வயரிங்தான்" என்று அடித்துச் சொன்னான் தம்பி. இரண்டு நாள் சுவரைக் கொத்தி வயரைப் பிடுங்கினான். அந்த அம்மா மெஷின்களை நிறுத்திவிட்டு, துணிகளுக்குப் போர்வை போட்டு மூடி, தூசிக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அதை வீட்டில் பெருமையாகச் சொன்னான். "எங்க அக்கா புள்ளி இருக்கு, அப்புறம் என்ன பேச்சுன்னுட்டேன்."

அவள் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். வரி வந்த பிறகு ஷிப்டுக்கு முந்நூறு பேனல் அறுநூறாகியிருந்தது. அதனால் ஷிப்ட் தொடங்கும்போதே மொத்த அடுக்குக்கும் புள்ளி வைத்துவிடுவாள். பெட்டியில் கெட்டது தெரிந்தால் அழித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. சில நாள் பாதி அடுக்கு பெட்டிக்குள் போகாமலே லாரி ஏறியது. சூப்பர்வைசர் கண்டுகொள்ளவில்லை. வாங்குகிறவர்களுக்கு வேறு போக்கிடம் ஏது? அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் லீவு சொல்லிவிட்டுத் தையல்கடைக்குப் போனாள். தம்பி மூன்றாவது சுவரில் உளியை வைத்திருந்தான்.

"கொத்தாதடா. வயர்ல ஒண்ணுமில்ல. பேனல்தான்."

"உன் புள்ளி இருக்கே?"

"வச்சேன். ஆனா பார்க்கல."

"எதைப் பார்க்கல?"

"எது பார்த்தது, எது பார்க்காததுன்னு எனக்கே தெரியலடா."

அவன் முகம் செத்துப் போனது. "உன்னை நம்பி ரெண்டு நாளா இவங்க சுவரை இடிச்சுட்டு இருக்கேன் அக்கா."

கடைக்கார அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தையல் கோணலாப் போனா நானும் பிரிச்சுத்தான் தைப்பேன். எட்டையும் இறக்குங்க. சுவரையும் பூசிக் குடுத்துருங்க" என்றார்.

அன்று மத்தியானமே வேனில் எட்டையும் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார்கள். தம்பி வாசலில் வேனோடு நின்றுகொண்டான். நடந்ததை அவள் சூப்பர்வைசரிடம் சொன்னாள்.

"வெளியில மூச்சு விட்டா வேலை போயிடும்" என்று அவர் எகிறினார்.

"போகட்டும் சார். இந்த எட்டையும் பார்க்காம நான் நகரமாட்டேன்."

பழைய புள்ளிகளை, பெயிண்ட் கரைக்கும் தின்னரைத் தொட்டு அழித்தாள். ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் தள்ளினாள். ஐந்து சுத்தமாக இருந்தன, மூன்றில் கறுப்புக் கோடு. அந்த மூன்றுக்குப் பதிலாக வேறு மூன்றைச் சோதித்து எடுத்து, எட்டுக்கும் புதிதாகப் புள்ளி வைத்து, வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

தம்பி சட்டத்தைத் திருப்பவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தான்.

"பார்த்தியா?"

"எட்டையும் பார்த்தேன்."

"சரி, அந்தப் பக்கம் பிடி" என்றான்.