முன்னூறு முதுகுகள்

கிள்ளானில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் சொன்னது பச்சைப் பொய்.

போன மாதம் அங்கே ஒரு மண்டபத்தில், உடம்பு எடையைக் குறைப்பது எப்படி என்று பெண்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. பேச வந்தவர், எண்பதுகளில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஜப்பான் தொழிற்சாலையில் எனக்கு சூப்பர்வைசராக இருந்தவர். "அங்க ஒரு குண்டுப் பொண்ணு இருந்துச்சு. நான்தான் அதை இருபது கிலோ குறைக்க வச்சு, எல்லாருக்கும் முன்னால நின்னு எக்சர்சைஸ் நடத்துற அளவுக்குக் கொண்டுவந்தேன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தக் குண்டுப் பொண்ணு நான்தான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கும் எண்பத்து நான்கு கிலோ, இன்றைக்கும் கிட்டத்தட்ட அதேதான். நடந்தது என்ன என்று சொல்கிறேன், நீங்களே கேளுங்கள்.

நாங்கள் ரேடியோவுக்குள் வைக்கிற சின்னச் சின்னச் சாமான்களைப் பொருத்துகிற ஆட்கள். கம்போங் மேடானிலிருந்து பேக்டரி பஸ்ஸில் போய் இறங்குவோம். வேலை தொடங்குவதற்கு முன்னால் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஸ்பீக்கரில் பியானோ இசை வரும், கூடவே ஒரு ஜப்பான்காரர் குரல் எண்ணிக்கை சொல்லும். கையைத் தூக்கு, இடுப்பை வளை, குதி. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அவர்கள் ஊரில் சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர் வரை இதைச் செய்வார்களாம்.

எனக்குக் குதிக்கிற இடம் வந்தாலே உடம்பு கூசும். நான் குதித்தால் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அதனால் முதல் இரண்டு வாரம் கழிப்பறையில் ஒளிந்துகொண்டேன். அப்போதிருந்த ஜப்பான் மேனேஜர் வயதானவர், ஒல்லியானவர். ஒரு நாள் நான் வெளியே வரும்போது எதிரே நின்றார். திட்டவில்லை. அவருக்குத் தெரிந்த கொஞ்சம் மலாயில், "சமா சமா" என்று மட்டும் சொன்னார். எல்லாரும் சேர்ந்து என்று அர்த்தம். என்னைக் கூட்டிக்கொண்டு போய், முன்னால் நின்று செய்து காட்டுகிற அவருக்கு நேர் எதிரே முதல் வரிசையில் நிறுத்தினார்.

பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. ஸ்பீக்கர் வலது என்று சொன்னால் நாங்கள் வலது கையைத் தூக்குவோம், அவர் இடது கையைத் தூக்குவார். எங்களைப் பார்த்து நிற்கிறாரே, நாங்கள் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்த்துச் செய்யட்டும் என்றுதான் அப்படி. பார்க்கச் சுலபம். செய்து பாருங்கள், தெரியும். மூளை ஒரு பக்கம் இழுக்கும், கை ஒரு பக்கம் போகும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஒரு மாதம் பழகினேன். அண்ணன் பிள்ளைகளை எதிரே நிறுத்திச் செய்து காட்டினேன். ஒரு நாள் மேனேஜருக்குக் காய்ச்சல். நானே முன்னால் போய் நின்றேன். ஒரு கைகூடத் தப்பவில்லை. அதிலிருந்து அவர் சாமான் அடுக்குகிற மரப்பலகையைக் கவிழ்த்துப் போட்டு, தினமும் அதன்மேல் என்னை ஏற்றிவிட்டார். குதிக்கும்போது பலகை டமார் என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பின்வரிசை ஆட்கள் தாளம் பிடித்தார்கள்.

இரண்டு வருடத்தில் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். முப்பது வயது இருக்கும், ஓர் இளைஞர் புது மேனேஜராக வந்தார். ஜப்பான்காரர்கள் எல்லாரும் ஒரே அச்சு என்று நினைக்காதீர்கள். இவருக்கு இந்த வரிசையில் நிற்கிற கதையே பிடிக்கவில்லை. சாயங்காலம் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தனியாக ஓடுவார். "இதெல்லாம் கிழவர்கள் சமாச்சாரம். எங்கள் ஊரில் இப்போது இளைஞர்கள் பணம் கட்டி ஜிம்முக்குப் போகிறார்கள், பெண்கள் டயட் இருக்கிறார்கள். எடை குறையாவிட்டால் எதற்கு உடற்பயிற்சி?" என்று மீட்டிங்கில் கேட்டார். கேன்டீன் வாசலில் ஒரு எடை மிஷின் வந்தது. சுவரில் ஒரு போர்டு, அதில் எல்லார் பெயரும் எடையும். முதலில் தன் எடையைத்தான் எழுதினார். அதையும் சொல்ல வேண்டும்.

என் பெயரைச் சிவப்பில் எழுதியது அவர் இல்லை, நம் சூப்பர்வைசர்.

"ஏன் அண்ணே எனக்கு மட்டும் சிவப்பு?" என்றேன்.

"லோரிக்கெல்லாம் பின்னால சிவப்பு லைட்டு இருக்கும்லா" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கூடவே சொன்னார், ஜப்பானிலிருந்து தலைமை ஆபீஸ் ஆட்கள் வருகிறார்களாம். அதற்குள் பத்து கிலோ குறைக்காவிட்டால் பலகையில் ஏறக்கூடாதாம்.

எனக்கு அந்தப் பலகைதான் எல்லாம். வீட்டிலும் வெளியிலும் ஓரமாக நில்லு என்று கேட்டே வளர்ந்தவள் நான். முன்னால வா என்று சொன்ன ஒரே இடம் அது. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றை விட்டேன், வெறும் சோற்றையும் விட்டேன், வெள்ளரிக்காயும் கறுப்புக் காப்பியுமாக இரண்டு வாரம் கிடந்தேன். வேலை லைனில் தலை சுற்றி, கையிலிருந்த ரேடியோச் சாமான் தட்டு முழுக்கத் தரையில் கொட்டியது. என் பக்கத்து இருக்கை மலாய்க் கூட்டாளி, கொட்டியதைப் பொறுக்கிக்கொண்டே, "பைத்தியமா உனக்கு? போய்ச் சாப்பிடு" என்று திட்டினாள். போய்ச் சாப்பிட்டேன். குறைந்த இரண்டு கிலோவும் திரும்பி வந்தது.

விருந்தாளிகள் வந்த அன்று காலை, சூப்பர்வைசர் என்னைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். "அங்க போ, கேமராவுல விழாத" என்றார். அவரே பலகையில் ஏறினார். நல்ல உடம்பு, புதுச் சட்டை. பக்கத்தில் கோட்டு போட்ட ஆறேழு ஜப்பான்காரர்கள்.

பியானோ தொடங்கியது. வலது என்றதும் அவர் தன் வலது கையைத் தூக்கினார்.

அவ்வளவுதான். பாதிப் பேர் காதில் கேட்டபடி தூக்கினார்கள், பாதிப் பேர் கண்ணில் பார்த்தபடி தூக்கினார்கள். கையும் கையும் மோதியது. பக்கவாட்டில் வளையும்போது இரண்டு பேரின் தலை முட்டிக்கொண்டது. சிரிப்பு கிளம்பியது. சூப்பர்வைசர் மேலேயிருந்து "ஏய், ஒழுங்கா செய்யுங்க!" என்று கத்தினார். கத்தக் கத்த அவருக்கே கையும் காலும் தடுமாறியது.

என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அது நான் கட்டிய வரிசை. கடைசியில் நின்றபடியே, ஸ்பீக்கர் குரல்போல ஜப்பான் மொழியில் ஒன்று, இரண்டு என்று தொண்டை கிழிய எண்ண ஆரம்பித்தேன். "இச்சி! நீ! சான்! ஷி!"

முதலில் கூட்டாளி திரும்பினாள். அப்புறம் அவள் வரிசை. அப்புறம் முற்றம் முழுக்க, முன்னூறு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அவர்களைப் பார்த்து இடது கையைத் தூக்கினேன், முன்னூறு வலது கை மேலே போனது. பலகை இல்லை, வெறும் சிமெண்ட் தரை. குதித்தேன். எல்லாரும் குதித்தார்கள்.

விருந்தாளிகளுக்குக் கிடைத்தது முதுகுதான். அவர்களில் மூத்தவர், என்னைப் போலவே நல்ல தொப்பை, கோட்டைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையாகிவிட்ட அந்த முன்வரிசைக்குப் பின்னால் நின்று செய்ய ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பலகைமேல் நம் சூப்பர்வைசர் மட்டும் தனியாக நின்றார்.

முடிந்ததும் இளைய மேனேஜர் என்னிடம் வந்தார். வேலை போச்சு என்று நினைத்தேன். "ஆறு வயதிலிருந்து செய்கிறேன். முன்னால் நிற்பவர் கையை மாற்றித் தூக்குகிறார் என்று இன்றுவரை நான் கவனித்ததே இல்லை" என்றார். மறுநாள் முதல் வரிசையில் என் எதிரே வந்து நின்றார். பலகையில் நான். எடை மிஷின் ஸ்டோருக்குப் போய் ஆணிப் பெட்டிகளை எடை போட்டது. தொழிற்சாலையை விட்டு வருகிறவரை, ஒன்பது வருடம், அந்தப் பலகையை விட்டு யாரும் என்னை இறக்கவில்லை.

கிள்ளானில் கூட்டம் முடிந்ததும் மேடைக்குக் கீழே போய் நின்றேன். "என்னைத் தெரியுதா அண்ணே?" என்றேன்.

உற்றுப் பார்த்தார். "தெரியலையே ஆன்டி. ஆனா நீங்களும் கொஞ்சம் குறைக்கணும்லா, முட்டி போயிரும்."

பதில் சொல்வதற்குள் அவரைப் படம் எடுக்க இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. இந்த உடம்போடுதான் முன்னால் நின்றேன், இந்த உடம்பைப் பார்த்துத்தான் முன்னூறு பேர் கை தூக்கினார்கள். அதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, எடுத்துக்கொள்ளவும் விடமாட்டேன். அவர் பெயரை நான் எழுதவில்லை. படித்தால் அவருக்கே தெரியும். அதே மண்டபத்தில், அதே மைக்கைப் பிடித்து, அந்தப் பெண்கள் எல்லாரும் கேட்க ஒரே ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லட்டும்: அன்று காலை அந்த முன்னூறு பேர் யாருக்கு முதுகைக் காட்டினார்கள்?