ஐந்தாவது சொல்

“முப்பத்தேழு, முப்பத்தெட்டு…”

“அக்கா, ஒரு கையெழுத்து.”

அவள் நிமிரவில்லை. அலுவலகப் பணியாள் வாசலில், தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் நின்று காகிதத்தை ஆட்டினார். தட்டிலிருந்த கருவிகளை நாற்பத்திரண்டு வரை எண்ணினாள். பிறகு அங்கிருந்து ஒன்று வரை பின்னோக்கி எண்ணினாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்த அறையில் ஒரு தட்டை மூடுவார்கள். மூடிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

“நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன் போல.”

“ஆகுங்க. மாலையோட வரேன். என்ன அது?”

“மெமோ” என்றார், குரலைத் தாழ்த்தி.

மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, நீராவி இயந்திரத்துக்குள் அனுப்புகிற அறை அது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் அங்கே தரை துடைக்க வந்தாள். பெயர் தெரியாத கருவிகளை நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டு, மேலிருந்து இறங்கி வருகிற நர்சுகளை ஒவ்வொருவராக மடக்கிப் பெயர் கேட்டாள். இரண்டு நோட்டு தீர்ந்தபோது தட்டுகள் அவள் கைக்கு வந்தன. இப்போது எல்லா மாடிகளிலும் அவள் டிரே அக்கா.

மெமோவில் இருந்தது இவ்வளவுதான்: அவளுடைய ஆண்டறிக்கையில் அறுவைப் பிரிவின் தலைமை மருத்துவர் ‘செடுலஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்ற நான்கு சொற்களுக்கு மட்டுமே அந்தக் கட்டத்தில் அனுமதி. வேறு சொல் இருந்தால் அது பாதகமான குறிப்பாகக் கொள்ளப்படும். நாளை மாலைக்குள் விளக்கம் தர வேண்டும். தவறினால் மேற்பார்வையாளர் பதவிக்கான பட்டியலிலிருந்து அவள் பெயர் எடுக்கப்படும்.

எழுதியவரைக் கேட்கலாமென்றால், அவர் போன மாதம் ஓய்வு பெற்று மகனோடு வெளிநாடு போய்விட்டார். அவருடைய எண்ணில் இப்போது யாரோ ஒரு பழ வியாபாரி பேசினார்.

வீட்டில் கணவர் பள்ளி வேனின் இருக்கை உறைகளை உதறிக்கொண்டிருந்தார். காகிதத்தை எட்டப் பிடித்துப் படித்தார்.

“ஏம்மா, இது திட்டா, பாராட்டா?”

“தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் கேக்கறேன்?”

“எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் ஸ்டாப், கோ, ரிவர்ஸ். இதுல அது எதுவும் இல்ல.” சிரித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “அந்த ஆள் உன்னை எப்பவாவது திட்டியிருக்காரா?”

ஒரு முறை. ஒவ்வொரு கத்தரியையும் ஈரத் துணியில் வெட்டிப் பார்ப்பது அவள் பழக்கம். நுனிவரை சுத்தமாக வெட்ட வேண்டும். மருத்துவர் ஆசையாக வைத்திருந்த கத்தரி நுனியில் துணியை மென்றது. அதைச் சாணைக்கு ஒதுக்கிவிட்டாள். அவர் படியிறங்கி வந்து, “என் கத்தரியைப் பத்தி எனக்குத் தெரியாதா?” என்று கத்தினார். அவள் ஈரத் துணியை நீட்டினாள். அவரே வெட்டிப் பார்த்தார். கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டுப் படியேறினார். அதன் பிறகு பதினோரு வருடம், அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“மனசுல வச்சிருந்து போறப்ப போட்டுட்டுப் போயிட்டாரோ?” என்றாள்.

கணவர் உறையை மறுபடி உதறினார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூன்றாம் மாடி நூலகத்துக்குப் போனாள். நூலகர் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

“இங்க டாக்டருங்க மட்டும்தான்.”

“ஒரே ஒரு வார்த்தை. நின்னுக்கிட்டே பாத்துட்டுப் போயிடறேன்.”

நூலகர் சீட்டை வாங்கிப் பார்த்தாள். “எனக்கே தெரியல. இருங்க.” தடித்த அகராதியை இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் போட்டாள். விரல் பக்கத்தில் கீழே இறங்கி நின்றது. “விடாம, அலுத்துக்காம, கவனம் கலையாம வேலை செய்யறவங்கன்னு அர்த்தம்.”

“அப்ப நல்லதுதானா?”

“நல்லதுன்னு சும்மா சொல்லிட முடியாது. ஒரு நாள் ஓடியாடி வேலை பாத்தவங்களுக்கு இது பொருந்தாது. மூளைக்காரங்களைச் சொல்றதும் இல்ல. முத நாள் இருந்த அக்கறை ஆயிரமாவது நாளும் இருக்கணும். ஆளுக்கும் சொல்லலாம், அவங்க காட்டற கவனிப்புக்கும் சொல்லலாம். உதாரணம்கூட ஒரு நர்சுதான், பாருங்க.” அடுத்த வரிக்குப் போனாள். “ஒருத்தரைப் பாத்து விடாம ஒதுங்கிப் போறதுக்கும் இதைச் சேத்துச் சொல்வாங்களாம்.”

“அது அவருக்குப் பொருந்தும்” என்றாள் டிரே அக்கா. “பதினோரு வருஷம் என் பக்கமே வரல.”

“யாரைப் பத்தி எழுதினது இது?”

“என்னைத்தான்.”

நூலகர் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “ஏன் நின்னுக்கிட்டு? உக்காருங்க.”

உட்கார்ந்தாள். பக்க எண்ணைக் குறித்துக்கொண்டாள். அந்த வரியை விரலால் முன்னிருந்து பின்னாகவும், பின்னிருந்து முன்னாகவும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

நான்கு மணிக்கு அலுவலக எழுத்தர் அவளுக்காகவே காத்திருந்தது போல வெள்ளை மையைத் திறந்து வைத்திருந்தார்.

“எதுக்கு அக்கா விளக்கம் கிளக்கம்லாம்? இதை அழிச்சுட்டு நன்றுன்னு போட்டுடறேன். பதவி உங்களுக்கு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“நன்று எத்தனை பேருக்குப் போட்டிருக்கீங்க?”

“இந்த வருஷமா? அது ஒரு நூறு பேருக்கு இருக்கும்.”

“இந்த வார்த்தை?”

எழுத்தர் பேனாவால் காதைச் சொறிந்தார். “எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் இல்ல. ஆனா இதோட பட்டியல் மேல போனா அவங்க திருப்பியும் அனுப்பலாம். வார்த்தை வேணுமா, பதவி வேணுமா?”

மேற்பார்வையாளருக்கு நாற்காலி உண்டு. ஜன்னல் உண்டு. அவள் முழங்கால்கள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நாற்காலி அது. மேசையில் இருந்த வெள்ளை மையின் மூடியை எடுத்துத் திருகி மூடினாள்.

“ஒரு தாள் குடுங்க.”

நின்றபடியே எழுதினாள். எழுத்தர் வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

“குறிப்பில் சொல்லியிருப்பது உண்மை. பத்தொன்பது வருடமாக இப்படித்தான் இருக்கிறேன். இனியும் இப்படித்தான் இருப்பேன். சொல்லின் பொருள் நமது நூலகத்து அகராதியில் ஆயிரத்து அறுபதாம் பக்கத்தில் இருக்கிறது.” நிமிர்ந்தார். “என்ன அக்கா, குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கு?”

“ஆமா. ஒத்துக்கறேன். தேதி போட்டு வாங்கிக்கோங்க.”

மறுநாள் புதன்கிழமை. ஏழு மணிக்கு வந்தாள். பதினாறு தட்டுகள் வந்தன. இயந்திரத்தின் கதவு ரப்பர் கசிந்ததால் அரை மணி வேலை நின்றது. பதினோரு மணிக்கு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் இரண்டாவது வரியில் இருந்தது. குறிப்புக் கட்டத்தில் அந்தச் சொல்லை அப்படியே தட்டச்சு செய்திருந்தார்கள். பிற்பகல் மூன்று கத்தரிகளை வெட்டிப் பார்த்தாள். ஒன்றைச் சாணைக்கு ஒதுக்கினாள்.