பேத்தியின் பாலில் பனங்கற்கண்டு

மூன்று வயதுப் பேத்தியின் முன்பற்கள் கறுக்கத் தொடங்கியதும் கடலூர் வீட்டில் சர்க்கரை டப்பாவை நானே எடுத்து வைத்துக்கொண்டேன். பிஸ்கட்டுக்குக் கணக்கு, சாக்லேட்டுக்குக் கணக்கு. விருந்தாளிகள் கொண்டுவரும் இனிப்பை வாசலிலேயே வாங்கிப் பூட்டினேன். "செக்போஸ்ட் தாண்டி வர்ற மாதிரி இருக்கு மாமா" என்று மருமகன் கேலி செய்தார்.

ஆனாலும் கறுப்பு பரவிக்கொண்டே இருந்தது. சிதம்பரத்தில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். என் கட்டுப்பாட்டையெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

"ராத்திரி பால்ல என்ன போடுறீங்க?"

"பனங்கற்கண்டு மட்டுந்தான். அஞ்சு கல்லு. சளிக்கு நல்லதாச்சே."

"அதுவும் சர்க்கரைதான் ஐயா. குடிச்சிட்டு அப்படியே தூங்கிடுதா?"

ஆமாம். தூங்கிய பிறகு பால்புட்டியை வாயிலிருந்து எடுப்பதும் நான்தான்.

கறுத்த முன்பற்கள் நான்கையும் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தாயிற்று.

இப்போது வெறும் பால் கொடுக்கிறேன். ஒரு வாய் குடித்துவிட்டுப் புட்டியைத் தள்ளுகிறாள். "தாத்தா, கல்லு போட மறந்துட்டியா?" என்று பொக்கை வாயால் கேட்கிறாள்.

பெரியவளானால் புதுப்பல் முளைக்கும் என்று எல்லோரும் தேற்றுகிறார்கள். முளைக்கும். ஆனால் நான் பழக்கிவிட்ட இந்த ருசி அவளை விட்டுப் போகும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.